ஒரு கோப்பை வைனுக்கு முன்னால் ஒரு பேச்சு! - ஜார்ஜியா வீட்டு விருந்துக்கு நீங்க ரெடியா?

உங்கள் ஸ்கூல் செட்டிலோ சொந்தக்காரப் பிள்ளைகளிலோ யாராவது ஒருவர் ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருக்கலாம். (அமெரிக்க மாநிலம் இல்லை பாஸ், இது தனி நாடு!) கருங்கடலுக்கும் காகசஸ் மலைகளுக்கும் இடையில், தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி அளவில் இருக்கும் குட்டி தேசம். மக்கள்தொகை சுமார் 37 லட்சம்தான். நண்பர் போடும் இன்ஸ்டா ஸ்டோரிகளில் பனிமலை வரும், பழைய தேவாலயம் வரும், நடுவில் முட்டை மிதக்கும் படகு வடிவ ரொட்டி வரும். ஸ்டோரியில் அவ்வளவாக வராத ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எல்லார் கோப்பையிலும் வைன் ஊற்றியாயிற்று. ஆனால் யாரும் தொடுவதில்லை. ஒருவர் எழுந்து பேச ஆரம்பிக்கிறார். தன் அம்மாவைப் பற்றியோ, செத்துப்போன நண்பனைப் பற்றியோ, எதிரே உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் பற்றியோ. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், சில நேரம் பத்து நிமிடம். பேசி முடித்ததும் கோப்பைகள் உரசுகின்றன. குடிக்கிறார்கள். மறுபடி ஊற்றுகிறார்கள். மறுபடி காத்திருக்கிறார்கள், அடுத்த பேச்சுக்காக.

இதற்குப் பெயர் 'சுப்ரா'. ஜார்ஜிய மொழியில் இந்தச் சொல்லுக்கு மேஜை விரிப்பு என்றும் பொருள். விரிப்பை விரித்துவிட்டால் விருந்துதான்!

'சரிப்பா, நாமளும்தான் சியர்ஸ் சொல்றோம், இதுல என்ன இருக்கு?' என்கிறீர்களா? இருக்கிறது. நாம் சியர்ஸ் சொல்லிவிட்டுக் குடிக்கிறோம். அவர்களுக்குக் குடிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் ஒரு மனிதராக இருக்க வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். முறையான சுப்ராவில் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் தாகத்துக்கு ஒரு மடக்கு என்று வைனை எடுத்தாலே மரியாதைக் குறைவு. சாப்பாட்டுக்கு அந்தத் தடை இல்லை. தட்டைக் காலி செய்துகொண்டே இருக்கலாம்.

மேஜைக்கு ஒரு தலைவர்

இதையெல்லாம் நடத்துகிறவர் 'தமாதா'. விருந்து கொடுப்பவர் கைகாட்டுபவராக இருக்கலாம், மேஜையில் இருப்பவர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தவராகவும் இருக்கலாம். நான்கு பேர் உட்காரும் சின்னக் குடும்பச் சாப்பாடு என்றால் வீட்டுப் பெரியவரே தமாதா. அடுத்த பேச்சு எதைப் பற்றி என்று முடிவு செய்வது இவர்தான். முதலில் இவர் பேசுவார். அதே விஷயத்தை மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாணியில் தொடர்வார்கள். 'எனக்கு ஒண்ணு தோணுது' என்று நடுவில் எழுந்து தனி ரூட்டில் போக முடியாது. தமாதாவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

சில நேரம் தமாதா பேசிவிட்டு, மேஜையில் ஒருவரைப் பார்த்து 'அலாவெர்தி!' என்பார். இந்தப் பேச்சை உன்னிடம் ஒப்படைக்கிறேன், நீ தொடர் என்று அர்த்தம். மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் கூச்ச சுபாவப் பேர்வழியிடமும் அது வரும். வந்தால் பேசித்தான் ஆக வேண்டும். காலேஜில் செமினார் எடுக்க நடுங்குகிறவர்கள் உஷார்!

தமாதாவுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. எல்லாருக்கும் சமமாக அவரும் குடிக்க வேண்டும், ஆனால் நிதானம் தவறவே கூடாது. யாருக்குப் பேச வாய்ப்பே வரவில்லை, யாருக்கு இனி ஊற்றக் கூடாது, எங்கே சண்டை முளைக்கிறது என்று எல்லாம் அவர் பார்வையில் இருக்க வேண்டும். கோப்பைகளை நிரப்புவதற்கென்று 'மெரிகிபே' என ஒருவரையும் நியமிப்பது உண்டு. தலைநகர் திபிலீசியின் பழைய நகரத் தெருவில் தமாதாவுக்குச் சிலையே இருக்கிறது. கையில் கொம்புக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வெண்கல மனிதர். மேற்கு ஜார்ஜியாவின் வானி என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னஞ்சிறு உருவத்தின் பெரிய நகல் அது. அவ்வளவு காலமாக அங்கே விருந்து நடக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால், பேச்சுகளும் தமாதாவும் கொண்ட இன்றைய சுப்ரா, ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் 19-ம் நூற்றாண்டில்தான் இந்த வடிவத்துக்கு வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதிகாரமும் மொழியும் வேறு யார் கையிலோ இருந்தபோது, சொந்த மேஜையில் சொந்த மொழியில் பேசுவது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும் என்பது நம்பக்கூடியதே.

செத்தவர்களுக்கும் ஒரு கோப்பை

பேச்சுகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். பெரும்பாலும் கடவுளுக்கோ அமைதிக்கோ முதல் கோப்பை. பிறகு நாடு, அன்று கூடியிருப்பதற்கான காரணம், பெற்றோர், நண்பர்கள், பெண்கள், விருந்து கொடுக்கும் குடும்பம் எனப் போகும். பெரிய விருந்தில் எண்ணிக்கை இருபதைத் தாண்டுவதும் சகஜம்.

இதில் இரண்டு கோப்பைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஒன்று, இறந்தவர்களுக்கானது. கல்யாண வீடாக இருந்தாலும் பிறந்தநாள் பார்ட்டியாக இருந்தாலும் இது தவறாது. சிரித்துக்கொண்டிருந்த மேஜை சட்டென்று அடங்கும். பலர் எழுந்து நிற்பார்கள். தாத்தா பெயர், விபத்தில் போன தம்பி பெயர், போரில் போன பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கோப்பைகளை உரச மாட்டார்கள். ரொட்டித் துண்டின் மேல் சில சொட்டு வைனைச் சிந்திவிட்டுக் குடிப்பவர்களும் உண்டு. அது அந்தப் பெயர்களுக்கான பங்கு. (நம்மூர்ப் படையல் ஞாபகம் வருதில்ல?)

அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் குழந்தைகளுக்கான கோப்பை. மேஜைக்கு அடியில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் வாண்டுகளுக்கும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து. துக்கத்திலேயே மேஜையை விட்டுவைக்கக் கூடாது என்பது கணக்கு. சத்தம் திரும்ப வரும். பாட்டுகூட ஆரம்பிக்கும்.

பாட்டு என்றால் ஒருவர் பாட மற்றவர்கள் தலையாட்டுவது இல்லை. மூன்று குரல்கள் மூன்று விதமாகப் போய் ஒன்றில் கலக்கும் கூட்டுப்பாடல். ஜார்ஜியாவின் இந்தப் பல்குரல் பாடல் மரபை யுனெஸ்கோ 2001-லேயே மானுடத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. ககேத்தி பகுதியின் 'சக்ருலோ' என்ற பாட்டு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் அதுவும் பதிவாகியிருக்கிறது. விருந்து மேஜையில் பாடுகிற பாட்டு, இப்போது சூரியக் குடும்பத்தின் எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது!

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரு வகை சுப்ரா, சாவு வீட்டுக்கு வேறு வகை. துக்க வீட்டு விருந்தை 'கெலேகி' என்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பேச்சும் போனவரைச் சுற்றியே வரும். அவருடைய நல்லது, அவர் விட்டுப்போன குடும்பம், அவருக்கு முன்னால் போனவர்கள். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் கைகட்டி நிற்கும் சங்கடம் நமக்கெல்லாம் தெரியும். அங்கே எதைப் பேச வேண்டும் என்பதை மேஜையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இந்த மரபின் ஆகப் பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது இதைத்தான். அப்பாவைப் பிடிக்கும் என்று அப்பா முன்னாலேயே சொல்ல எத்தனை பேருக்கு வாய் வருகிறது? பெற்றோருக்கான கோப்பை வரும்போது அங்கே சொல்லித்தான் தீர வேண்டும். அதுவும் எல்லார் முன்னாலும், வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது.

மண்ணுக்குள் புதைத்த தாழி

இவ்வளவு பேச்சுக்கும் ஊற்றுவது என்ன? பெரும்பாலும் கடையில் வாங்கிய பாட்டில் இல்லை. கிராமத்தில் வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அதற்கு 'ருத்வேலி' என்று பெயர். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஊருக்குத் திரும்புவார்கள். அந்த வைன்தான் பிளாஸ்டிக் கேனில் திபிலீசி ஃபிளாட்டுக்கும் போய்ச் சேரும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் நல்லெண்ணெய் மாதிரி.

செய்முறை நமக்கு ஆச்சரியமாக இருக்காது. தாழி தெரியும்தானே? அதே போல முட்டை வடிவப் பெரிய மண்பாத்திரம், பெயர் 'குவெவ்ரி'. கழுத்து வரை மண்ணில் புதைத்திருப்பார்கள். பெரிய குவெவ்ரியைக் கழுவ ஆளே உள்ளே இறங்க வேண்டும். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்து அதில் ஊற்றிவிடுவார்கள். நொதித்து அடங்கியதும் மூடி முத்திரை வைத்தால் ஐந்தாறு மாதம். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. தோலோடு ஊறுவதால் வெள்ளைத் திராட்சைச் சாறுகூட தேன் நிறத்தில் வெளிவரும். 2013-ல் இந்த முறையையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

எத்தனை வருடப் பழக்கம்? திபிலீசிக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் திராட்சை வைனின் தடயங்கள் கிடைத்தன. 2017-ல் வெளியான அந்த ஆய்வின்படி அவற்றின் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டுகள். உலகில் இதுவரை கிடைத்த ஆகப் பழைய திராட்சை வைன் தடயங்களில் இதற்கு முதல் வரிசை இடம்.

நடுவில் அடி விழாமல் இல்லை. சோவியத் காலத்தில் ஆலைகள் டன் கணக்கைத்தான் பார்த்தன. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட திராட்சை ரகங்கள் இருந்தும், ஒரு சில ரகங்களையே எங்கும் நட்டார்கள். 1985-ல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கம் வந்தது. திராட்சைத் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. பிறகு 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய வைனுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்த சந்தை ஒரே நாளில் மூடிக்கொண்டது. 2013-ல்தான் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் வேறு நாடுகளில் வாடிக்கையாளர்களைத் தேடியபோது, வெளிநாட்டுக்காரர்களுக்குப் புதுசாகத் தெரிந்தது ஆலைச் சரக்கு இல்லை, இந்தத் தாழி வைன்தான். வீட்டுத் தேவைக்கென்று நாலு வரிசைக் கொடியையும் ஒரு தாழியையும் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களால் அது பிழைத்தது.

(வழக்கமான வரிதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: எத்தனை ஆயிரம் வருட மரபானாலும் மது உடல்நலத்துக்குக் கேடுதான்.)

தட்டு மேல் தட்டு

சாப்பாட்டுக்கு வருவோம். நம் விருந்து மாதிரி இலையில் வரிசையாக வைப்பதோ, வெள்ளைக்காரர் மாதிரி ஒன்று முடிந்து ஒன்று வருவதோ இல்லை. முதலிலேயே மேஜை நிறைய வைத்துவிடுவார்கள். பிறகு சூடாக வருவதற்கு இடமில்லையே? பழைய தட்டுகளின் விளிம்பில் புதுத் தட்டை ஏற்றி வைப்பார்கள். இரண்டடுக்கு, மூன்றடுக்கு எனக் கட்டடம் எழும். காலித் தட்டு தெரிந்தால் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சல்.

வெஜிடேரியன்களே, பயப்பட வேண்டாம். கீரையையோ பீட்ரூட்டையோ வால்நட்டோடு அரைத்து உருட்டிய 'ப்காலி', வால்நட் மசாலாவைச் சுருட்டி வைத்த கத்திரிக்காய், மண்சட்டியில் கொதித்து வரும் பீன்ஸ் 'லோபியோ', அதற்குத் தொட்டுக்கொள்ள மக்காச்சோள ரொட்டி, சீஸ் வழியும் 'கச்சாபுரி' என்று உங்களுக்கே பாதி மேஜை சொந்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத சமையல் அங்கே வழக்கம் என்பதால், வீகன்களும் கேட்டுச் சாப்பிடலாம். புளிப்புப் பிளம் சட்னி 'த்கேமலி'யைத் தொட்டுப் பாருங்கள். நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். அசைவர்களுக்கு, திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்த தணலில் சுட்ட கம்பி இறைச்சி.

கறிக்குழம்பை உள்ளே வைத்த கொழுக்கட்டை போன்ற 'கின்காலி'க்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். ஃபோர்க்கை எடுத்தால் கேலி செய்வார்கள். மேலே இருக்கும் முடிச்சைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட வேண்டும். முடிச்சைத் தின்னாமல் தட்டிலேயே விட்டுவிடுவார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும்!

தினமும் இப்படியா என்றால், இல்லை. சாதாரண நாளில் மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி, சீஸ், ஊறுகாய், தக்காளி வெள்ளரி சாலட், ஒரு லோபியோ. அவ்வளவுதான். பேக்கரியிலிருந்து சூடாக வாங்கிய ரொட்டியின் முனை வீடு வருவதற்குள் காணாமல்போய்விடும். அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில் யாராவது வந்து கதவைத் தட்டினால் போதும், ஜாடி வெளியே வரும், பேச்சு ஆரம்பிக்கும். விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்பது அவர்களின் பழமொழி. திபிலீசியின் மலை மேல் நிற்கும் 'ஜார்ஜியத் தாய்' சிலையின் ஒரு கையில் வைன் கிண்ணம், மறு கையில் வாள். நண்பனாக வந்தால் அது, எதிரியாக வந்தால் இது. 1958-ல் வைத்த சிலை.

அடுக்களைப் பக்கம் பார்த்தால்...

எல்லாம் அழகுதான். ஆனால் அந்தத் தட்டுக் கட்டடத்தை எழுப்புவது யார்? விடியற்காலையிலிருந்து வால்நட் இடிக்கும் அம்மாவும் மருமகளும் பாட்டியும். பழைய பாணி வீடுகளில் தமாதா ஆண்தான். ஆண்கள் உட்கார்ந்து பேச, பெண்கள் பரிமாறிக்கொண்டே நிற்பார்கள். 'பெண்களுக்காக' என்று உருக்கமாக ஒரு கோப்பை உயரும்போது, அந்தப் பெண்கள் அடுத்த தட்டை எடுக்க அடுக்களைக்குப் போயிருப்பார்கள். நம் வீடுகளுக்குச் சற்றும் அந்நியமில்லாத காட்சி. இன்று நகரங்களில் பெண்கள் தமாதாவாக உட்காரும் மேஜைகள் வந்துவிட்டன. சமையலைப் பங்கு போட்டுக்கொள்கிற இளம் ஜோடிகளும் உண்டு. மாற்றம் வேகமாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, கட்டாயப்படுத்துதல். 'போலோம்தே' என்றால் கடைசிச் சொட்டு வரை என்று அர்த்தம். கொம்புக் கோப்பை கைக்கு வந்தால் காலி செய்யாமல் கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். கோப்பையின் வடிவமே அப்படி. அன்பின் பெயரால் வற்புறுத்தும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்று மொய் விருந்தில் மாட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, உங்களை யாராவது அழைத்தால்: குடிக்காதவர் என்பதை உட்காரும்போதே தமாதாவிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால்தான் இழுபறி. உடல்நிலை, மதம், மறுநாள் தேர்வு என எந்தக் காரணமும் எடுபடும். கோப்பையில் ஜூஸோ, பச்சை நிறத்தில் வரும் டாரகன் மூலிகை லெமனேடோ ஊற்றிக்கொண்டு எல்லாப் பேச்சிலும் கலந்துகொள்ளலாம். குடித்தீர்களா என்பதைவிட, உங்கள் முறை வந்தபோது என்ன பேசினீர்கள் என்பதுதான் பிறகு அந்த வீட்டில் பேச்சாக இருக்கும். பீரைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லாதீர்கள். பிடிக்காதவர்களுக்குத்தான் பீரில் வாழ்த்து என்பது பழைய வழக்கம். இளைஞர்கள் இன்று அதைக் கண்டுகொள்வதில்லை என்றாலும், பெரியவர்கள் இருக்கும் மேஜையில் ரிஸ்க் வேண்டாமே. பேச்சு முடிந்ததும் 'கௌமார்ஜோஸ்!' சொல்லுங்கள். 'வெற்றி உண்டாகட்டும்' என்ற பொருளில் வரும் வாழ்த்து. இந்த ஒரு சொல்லுக்கே மேஜை கைதட்டும்.

'அலாவெர்தி' உங்களிடம் வந்துவிட்டால் இங்கிலீஷில் பேசலாமா? தாராளமாக. யாராவது மொழிபெயர்ப்பார்கள். தமிழில் பேசினாலும் கேட்பார்கள். நீளம் வேண்டாம். உங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லி, அவர் உங்களுக்கு என்ன சமைத்துக் கொடுப்பார் என்று இரண்டு வரி சொன்னால்கூடப் போதும். பாட்டி உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோப்பையை உரசலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இரவு அங்கேயே தங்கிவிட்டால், விடிந்தும் விடியாத நேரத்தில் இன்னொரு கிண்ணம் வரும். 'காஷி' என்பார்கள், நம் காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாட்டுக் காலும் குடலும் இரவெல்லாம் கொதித்த சூப்பில் பூண்டைத் தட்டிப்போட்டது. முந்தைய ராத்திரி அதிகமாகப் பேசியவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் அதுதான் மருந்து. ஆட்டுக்கால் பாயாவில் வளர்ந்த நாக்குக்கு அது ரொம்பவே தெரிந்த ருசி.